தோற்றால் இரட்டிப்பாக வை: கேசினோவில் இந்த முறை ஏன் எடுபடுவதில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறேன். நிகழ்தகவுப் பாடம் தொடங்கி இரண்டு மூன்று வாரம் ஆனதும், வருடா வருடம் ஒருவராவது வகுப்பு முடிந்த பிறகு மேசைப் பக்கம் தயங்கி நிற்பார். "சார், ஒரு டவுட். பாடத்துல இல்ல" என்பார். கேள்வி எனக்குத் தெரிந்துவிடும். தோற்கத் தோற்கப் பந்தயத்தை இரட்டிப்பாக்கிக்கொண்டே போனால் கடைசியில் ஜெயித்துத்தானே ஆக வேண்டும்? சிலர் ஆர்வத்தில் கேட்பார்கள். சிலர் ஏற்கெனவே பணத்தைப் போட்டுவிட்டு வந்திருப்பார்கள். இரண்டு வருடம் முன்பு வந்த ஒரு பையன் செமஸ்டர் கட்டணத்தைப் போட்டிருந்தான். அன்று அவனுக்கு நிதானமாகச் சொல்ல முடியாமல் போனதையும், அதற்குப் பிறகு மற்றவர்கள் கேட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இரட்டிப்பு முறை என்றால் சரியாக என்ன?

ரூலெட் மேசையை எடுத்துக்கொள்வோம். சக்கரத்தில் 1 முதல் 36 வரை எண்கள். பாதி சிவப்பு, பாதி கருப்பு. கூடவே பச்சை நிறத்தில் ஒரு பூஜ்யம். ஆக மொத்தம் 37 குழிகள். சக்கரத்தைச் சுற்றிவிட்டு உருட்டும் பந்து எந்தக் குழியில் விழுகிறதோ அதுதான் முடிவு. சிவப்பில் 100 ரூபாய் வைக்கிறீர்கள். சிவப்பு வந்தால் வைத்த 100 திரும்பி, மேலே 100 கிடைக்கும். வராவிட்டால் அந்த 100 போனது. அடுத்து 200 வைக்கிறீர்கள். அதுவும் போனால் 400. அப்புறம் 800, 1,600, 3,200, 6,400. எந்த இடத்தில் சிவப்பு வந்தாலும் அதுவரை விட்டதெல்லாம் திரும்பி, மேலே 100 ரூபாய் மிஞ்சும். மறுபடி 100-இலிருந்து தொடங்க வேண்டும்.

இதற்கு மார்ட்டிங்கேல் என்று பெயர். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவிலேயே இது பழகிப்போன முறை. வெனிஸ்காரரான காசனோவா, காதலி கொடுத்த பணத்தை வைத்து இப்படித்தான் ஆடினார். ஆரம்பத்தில் நாள்தோறும் ஜெயித்தார். பிறகு ஒரு காசு மிச்சமில்லாமல் விட்டார். இரண்டையும் அவரே எழுதிவைத்திருக்கிறார்.

கீழே வரும் கணக்குகளில் சக்கரம் ஒருமுறை சுற்றுவதை 'ஆட்டம்' என்கிறேன். 100-இல் தொடங்கி, ஜெயித்தோ பணம் தீர்ந்தோ முடியும் வரிசை முழுவதையும் 'சுற்று' என்கிறேன்.

கணக்கு சரியாகத்தானே இருக்கிறது? ஓட்டை எங்கே?

கூட்டல் கழித்தலில் தப்பே இல்லை. 'எந்த இடத்தில் சிவப்பு வந்தாலும்' என்றேன் பாருங்கள், அங்கேதான் விஷயம். அந்த இடம் வரும்வரை பணம் தாக்குப்பிடிக்க வேண்டும். 100-இல் தொடங்கி ஏழு முறை தொடர்ந்து தோற்றால் போனது 12,700 ரூபாய். எட்டாவது பந்தயத்துக்கு மட்டும் 12,800 வேண்டும். கையில் 12,700-தான் இருக்கிறது என்று வையுங்கள். அப்படியானால் ஒவ்வொரு சுற்றிலும் 100 ரூபாய்க்காக 12,700 ரூபாயைப் பணயம் வைக்கிறீர்கள்.

சிவப்பில் வைத்துத் தோற்க 37 குழியில் 19 குழி இருக்கிறது, 18 கருப்பும் பூஜ்யமும். ஏழு ஆட்டம் தொடர்ந்து தோற்கும் வாய்ப்பு 0.94 சதவீதம். அதாவது சராசரியாக 106 சுற்றுக்கு ஒருமுறை.

இப்போது பூஜ்யமே இல்லாத, சரிபாதி வாய்ப்புள்ள ஒரு சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஏழு முறை தொடர்ந்து தோற்பது 128 சுற்றுக்கு ஒருமுறை. 127 சுற்றில் நூறு நூறாக வந்தது 12,700. 128ஆவதில் போனது 12,700. பைசா சுத்தமாக நேராகிவிடும். லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இதை மாணவர்களைக் கரும்பலகையில் தாங்களாகவே போடச் சொல்வேன். போட்டு முடித்ததும் வகுப்பே கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். ஏனென்றால், நியாயமான ஆட்டத்திலேயே இந்த முறை ஒரு ரூபாய்கூடச் சம்பாதித்துத் தருவதில்லை.

நிஜ மேசையில் பூஜ்யம் இருக்கிறது. 128 சுற்றுக்கு ஒருமுறை விழ வேண்டிய அடி 106 சுற்றுக்கு ஒருமுறை விழுகிறது. அந்த வித்தியாசம்தான் கேசினோவின் வருமானம். சராசரி எடுத்தால் ஒரு சுற்றுக்கு 20 ரூபாய் 50 காசு உங்கள் கையைவிட்டுப் போகிறது.

20 ரூபாயா? ரூலெட்டில் கேசினோவுக்கு 2.7 சதவீதம்தானே போகும் என்கிறார்கள்?

இரண்டும் ஒன்றுதான். கேசினோவுக்கு 100 ரூபாய்க்கு 2 ரூபாய் 70 காசு. அது நீங்கள் பையில் கொண்டுவந்த பணத்துக்கு அல்ல, மேசையில் வைக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும். ஒரே ஒரு ஆட்டத்தில் 100 ரூபாய் வைத்துவிட்டு எழுந்தால் சராசரி நட்டம் 2.70. இரட்டிப்பு முறையில் ஒரு சுற்றில் சில சமயம் 100 மட்டும் வைப்பீர்கள், சில சமயம் 300, எப்போதாவது 12,700. சராசரியாக ஒரு சுற்றுக்கு மேசைக்குப் போவது சுமார் 759 ரூபாய். அதில் 2.7 சதவீதம் 20.50.

நான் சொல்ல விரும்புவது முக்கியமாக இதைத்தான். பந்தயத் தொகையை எப்படி ஏற்றினாலும் இறக்கினாலும் கேசினோவின் கமிஷன் மாறாது. மேசையில் மொத்தம் எவ்வளவு வைக்கிறோமோ அதற்கேற்ப அது கூடும். தோற்கும்போதெல்லாம் தொகையை ஏற்றச் சொல்லும் முறை, கமிஷன் கட்டும் தொகையைத்தான் ஏற்றுகிறது.

ஏழு முறை தொடர்ந்து தோற்பது அபூர்வம்தானே? 99 சதவீதம் நான் ஜெயிக்கிறேனே?

ஆமாம், 99 சதவீதத்துக்கும் மேல் ஜெயிப்பீர்கள். அது பொய் இல்லை. அதனால்தான் இந்த முறையை நம்பியவர்களிடம் பேசிப் புரியவைப்பது இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது.

அந்தப் பையன் ஒரு நோட்டைக் காட்டினான். கோடு போட்ட அரைக்குயர் நோட்டு. ஒவ்வொரு வரியிலும் தேதி, சுற்று எண், அதற்கு எதிரே +100. எல்லாம் பச்சை மை. அழகாக அடிக்கோடிட்டு, பக்கத்துக்குப் பக்கம் கூட்டுத்தொகை போட்டிருந்தான். 91 வரிகள். 92ஆவது வரி மட்டும் சிவப்பு மையில், -12,700. "ஒரே ஒரு தடவைதான் சார் தப்பாச்சு" என்றான். 91 சுற்றில் சேர்த்தது 9,100. அந்த ஒரு வரி அத்தனையையும் அழித்து, மேலே 3,600 ரூபாயையும் கொண்டுபோயிருந்தது. அவன் கண்ணுக்கு 91 வெற்றியும் ஒரு தோல்வியும்தான் தெரிந்தது.

ஒரு சுற்றுக்கு 106-இல் ஒன்று என்பது சின்ன எண்தான். ஆனால் யாரும் ஒரு சுற்றோடு நிறுத்துவதில்லை. 100 சுற்று ஆடினால் அதற்குள் ஒருமுறையாவது மொத்தமும் போகும் வாய்ப்பு 61 சதவீதம். நேரடி ரூலெட் மேசையில் மணிக்கு 35, 40 ஆட்டம் ஓடும். 100 சுற்று என்பது சுமார் 200 ஆட்டம், அதாவது ஒரு நீண்ட இரவு.

இன்னொரு கணக்கு. 12,700 ரூபாயை இரட்டிப்பாக்கிவிட்டு எழ வேண்டும் என்பது உங்கள் ஆசை. இந்த முறையில் ஒருமுறைகூடச் சறுக்காமல் 127 சுற்று போக வேண்டும். அதற்கு வாய்ப்பு 30 சதவீதம். அதே 12,700-ஐ மொத்தமாகச் சிவப்பில் ஒரே ஒரு ஆட்டத்தில் வைத்தால் வாய்ப்பு 48.6 சதவீதம். இரண்டையும் செய்யச் சொல்லவில்லை. ஆனால் 'நிதானமான, பாதுகாப்பான வழி' என்று நினைத்துச் செய்வது, கண்ணை மூடிக்கொண்டு மொத்தத்தையும் தூக்கிவைப்பதைவிட மோசம் என்று தெரிய வேண்டும்.

தொடர்ந்து பத்து முறை கருப்பு வந்துவிட்டால், அடுத்து சிவப்பு வந்துதானே ஆக வேண்டும்?

வர வேண்டியதில்லை. சக்கரத்துக்கு ஞாபகசக்தி கிடையாது. பத்து கருப்புக்குப் பிறகும் சிவப்புக்கு 37-இல் 18தான், கருப்புக்கும் 37-இல் 18தான்.

மொனாக்கோ நாட்டின் மாண்டி கார்லோ கேசினோவில் 1913 ஆகஸ்ட் 18 அன்று ஒரு மேசையில் தொடர்ந்து 26 முறை கருப்பு வந்தது. பாதி வழியிலேயே சேதி பரவி, ஆட்கள் மேசையைச் சூழ்ந்துகொண்டு சிவப்பில் பணத்தைக் குவித்தார்கள். ஒவ்வொரு கருப்புக்கும் சிவப்பின் மீதான நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒருவர் மிகவும் பொறுமைசாலி; 15 கருப்பு வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டு, 16ஆவதில் 100 பிராங்கில் இரட்டிப்பைத் தொடங்குகிறார். அவருக்கும் அடுத்து வரிசையாக 11 தோல்வி. போனது 2,04,700 பிராங்க்.

'வெகுநேரத்தில் பாதிப்பாதி ஆகிவிடும் என்று பாடத்திலேயே இருக்கிறதே' என்று கேட்பார்கள். இருக்கிறது. ஆனால் சமமாவது விகிதம்தான். அடுத்து வரும் ஆயிரக்கணக்கான ஆட்டங்களில் அந்தப் பத்து கருப்பு கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போகுமே தவிர, அதை ஈடுகட்ட என்று பத்து சிவப்பு தனியாக வராது. ரூலெட் மேசையருகே முந்தைய எண்களைக் காட்டும் பலகை வைத்திருப்பார்கள், கவனித்திருக்கிறீர்களா? அதைப் பார்த்து அடுத்த எண்ணை ஊகிக்க முடியும் என்றால் கேசினோ அதை மாட்டிவைத்திருக்காது.

மேசையில் உச்சவரம்பு வைத்திருப்பதே இந்த முறைக்குப் பயந்துதானே?

அப்படி ஒரு பேச்சு உண்டு. வரம்பு இருப்பது உண்மை, அது இரட்டிப்புக்காரரைத் தடுப்பதும் உண்மை. பயம் என்பது சரியில்லை.

சில வருடம் முன்பு நண்பர்களோடு கோவா போனபோது, பனாஜியில் மாண்டவி ஆற்றில் நிற்கும் கேசினோக் கப்பல் ஒன்றில் ஏறினோம். நான் ஆடவில்லை, ஒரு ரூலெட் மேசை அருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். குறைந்தபட்சம் 500, சிவப்பு-கருப்புக்கு அதிகபட்சம் 50,000 என்று ஓரத்தில் சின்னப் பலகை. நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் சிவப்பில் மட்டும் வைத்துக்கொண்டிருந்தார். 500, 1,000, 2,000. முதலில் ஒரு சிப் (பணத்துக்குப் பதிலாக வைக்கும் வில்லை), பிறகு இரண்டு, பிறகு வேறு நிறச் சிப். 8,000 வந்தபோது பேச்சை நிறுத்திவிட்டார். 16,000 போனதும் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். 32,000-உம் போனது. 64,000-க்கு அடுக்கி, இரண்டு கையாலும் முன்னால் நகர்த்தினார். மேசையை நடத்தும் டீலர் அதில் ஒரு பகுதியை மெதுவாகத் திருப்பித் தள்ளி, விரலால் பலகையைத் தட்டிக் காட்டினார். அவருக்கு அந்த வரம்பு அதுவரை தெரியவில்லை. 50,000 மட்டும் வைத்தார்.

சிவப்பு வந்தது. சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை. ஏழு ஆட்டத்தில் விட்டது 63,500, வந்தது 50,000. அந்த மேசையில் அன்று நான் பார்த்த மிகப் பெரிய வெற்றி அதுதான். அதை ஜெயித்தவர் 13,500 ரூபாய் நட்டத்தில் நின்றார்.

கேசினோ வரம்பு வைப்பது, ஒரே பெரிய பந்தயத்தில் ஓரிரவு வருமானம் ஆட்டம் காணக் கூடாது என்பதற்காக. கமிஷன் அவர்கள் பக்கம் இருக்கும்போது, சின்னச் சின்னதாக நிறைய ஆட்டம் ஓடுவதுதான் அவர்களுக்கு வசதி. வரம்பையே எடுத்துவிட்டாலும் உங்கள் பணத்துக்கு ஒரு வரம்பு இருக்கிறதே.

அப்போ கையில் நிறையப் பணம் இருந்தால் ஜெயிக்கலாமா?

ஏழுக்குப் பதில் பத்து ஆட்டம் தாங்கும் அளவுக்குப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். 1,02,300 ரூபாய் வேண்டும். மொத்தமும் போகும் வாய்ப்பு 784 சுற்றுக்கு ஒன்றாகக் குறையும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு சுற்றின் சராசரி நட்டம் 20.50-இலிருந்து 30.50 ஆகிறது. ஏனென்றால் மேசைக்குப் போகும் பணம் கூடிவிட்டது. அடி அரிதாக விழும், விழும்போது எட்டு மடங்கு பலமாக விழும். 20 ஆட்டம் தொடர்ந்து தோற்றுவிட்டு 21ஆவதைக் கட்ட 10 கோடி ரூபாய்க்கு மேல் வேண்டும். அதுவும் 100 ரூபாய் லாபத்துக்காக.

பெரிய பணம் என்றால் எவ்வளவு பெரியது? இங்கிலாந்தின் பேரிங்ஸ் வங்கி 1762-இல் தொடங்கியது. அதன் சிங்கப்பூர் கிளையில் வேலை பார்த்த நிக் லீசன், ஜப்பான் பங்குச் சந்தையின் நிக்கேய் குறியீட்டை வைத்துப் போடும் ஒப்பந்தங்களில் ஏற்பட்ட நட்டத்தை ஒரு ரகசியக் கணக்கில் மறைத்து, அதைப் பிடிப்பதற்காகப் பந்தயத்தைப் பெருக்கிக்கொண்டே போனார். 1995 ஜனவரி 17 அன்று கோபே நிலநடுக்கம். சந்தை சரிந்தது. அவர் இன்னும் ஏற்றினார். பிப்ரவரி கடைசியில் நட்டம் 82 கோடி பவுண்டைத் தாண்டியிருந்தது. 233 வருட வங்கி ஒரு பவுண்டுக்கு விலைபோனது. அது கேசினோ இல்லை, சந்தை. ஆனால் விட்டதைப் பிடிக்க ஏற்றிக்கொண்டே போவது என்பது அங்கேயும் அதேதான். இன்று பங்குச் சந்தையின் ஆப்ஷன் வர்த்தகத்தில், நட்டம் வர வர வாங்கும் அளவை இரட்டிப்பாக்கி 'ஆவரேஜ்' செய்பவர்கள் இந்தக் கதையை ஒருமுறை படித்துவிட வேண்டும்.

ஜெயித்தவுடன் எழுந்துவிட்டால்? தினம் 500 ரூபாய், அவ்வளவுதான்.

பேராசைப்பட்டால்தான் போகும், கட்டுப்பாடாக இருந்தால் போகாது என்பது பலரின் நம்பிக்கை. உண்மையில் நல்ல கட்டுப்பாடு உள்ளவர்களே இதில் அதிகம் மாட்டுகிறார்கள் என்று நினைக்கிறேன். அவர்களுக்குத் தங்கள் கட்டுப்பாட்டின் மீது நம்பிக்கை இருக்கிறது. தினம் 5 சுற்று, 20 நாள் ஆடினாலும் 100 சுற்றுதான். அதே 61 சதவீதம்தான். நடுவில் நீங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்தது சக்கரத்துக்குத் தெரியாது.

இதைக் கணிதத்தில் தேற்றமாகவே நிறுவியிருக்கிறார்கள். பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஜான் வில் 1939-இல் சூதாட்டக்காரர்களின் மார்ட்டிங்கேல் என்ற சொல்லையே கணிதத்துக்குள் கொண்டுவந்தார். அமெரிக்காவின் ஜோசஃப் டூப் அதை ஒரு பெரிய கோட்பாடாக வளர்த்தார். சாரம் இதுதான்: நியாயமான ஆட்டத்தில், உங்கள் பணத்துக்கும் நேரத்துக்கும் ஓர் எல்லை இருக்கும்வரை, எப்போது எழுவது என்ற எந்த விதியாலும் சராசரி லாபத்தைப் பூஜ்யத்துக்கு மேலே கொண்டுபோக முடியாது. பாதகமான ஆட்டத்தில் அது பூஜ்யத்துக்குக் கீழேதான்.

எனக்குத் தெரிந்தவர் இப்படித்தான் ஜெயிக்கிறார். யூடியூபிலும் காட்டுகிறார்களே?

அவர் ஜெயித்திருப்பார். 100 பேர் ஓரிரவு ஆளுக்கு 20 சுற்று ஆடினால் சராசரியாக 83 பேர் 2,000 ரூபாய் லாபத்தோடு வீட்டுக்குப் போவார்கள். டீக்கடையில், ஆபீஸில், வாட்ஸ்அப் குழுவில் பேசுபவர்கள் அந்த 83 பேர். மீதி 17 பேர் மனைவியிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். 83 பேரின் லாபத்தைக் கூட்டினால் 1,66,000. அந்த 17 பேரில் ஒவ்வொருவரிடமிருந்தும் 12,700 போயிருக்கிறது, கூட்டினால் 2,15,900.

வீடியோ போடுபவர்களைப் பற்றி ஒன்று. கீழே ஒரு லிங்க் கொடுத்து, அதன் வழியாகப் பதிவு செய்யச் சொன்னால் நின்று யோசியுங்கள். அப்படி ஆள் சேர்த்துவிடுபவர்களுக்குத் தளங்கள் பணம் தருகின்றன. சில ஏற்பாடுகளில், சேர்ந்தவர் விடும் பணத்தில் ஒரு பங்கே அவருக்குப் போகிறது.

வேறு விளையாட்டில் செய்தால்?

கமிஷன் கொஞ்சம் மாறும், விளைவு மாறாது. அமெரிக்கச் சக்கரத்தில் இரண்டு பூஜ்யம் இருப்பதால் 5.26 சதவீதம், ஏழு தோல்வி வரிசை 89 சுற்றுக்கு ஒருமுறையே வந்துவிடும். சீட்டாட்டமான பேக்காரட்டில் பேங்கர் பக்கம் 1.06, பிளேயர் பக்கம் 1.24. பகடையாட்டமான கிராப்ஸில் பாஸ் லைன் என்ற பந்தயத்துக்கு 1.41. பூஜ்யம் வந்தால் பாதிப் பணத்தைத் திருப்பித் தரும் பிரெஞ்சு ரூலெட் மேசைகளில் 1.35. இன்னொரு சீட்டாட்டமான பிளாக்ஜாக்கில் நடுவில் பந்தயத்தை டபுள் செய்யவும் சீட்டைப் பிரிக்கவும் கூடுதல் பணம் தேவைப்படும் என்பதால் இரட்டிப்பு வரிசை இன்னும் சீக்கிரம் பணத்தைத் தின்றுவிடும்.

நம் ஊர் 'உள்ளே வெளியே', அதாவது மங்காத்தா, கோவாக் கேசினோக்களில் அந்தர் பாஹர் என்ற பெயரில் நடக்கிறது. அதில் முதல் சீட்டு விழும் பக்கம் 51.5 சதவீதம் ஜெயிக்கும். அதனால் அந்தப் பக்கத்துக்கு ரூபாய்க்கு 90 காசுதான் தருவது வழக்கம். அங்கே இரட்டிப்பு முறை என்ன ஆகிறது பாருங்கள். முதல் ஆட்டத்தில் ஜெயித்தால் 90 ரூபாய் லாபம். இரண்டாவதில் ஜெயித்தால் 80. மூன்றாவதில் 60, நான்காவதில் 20. ஐந்தாவதில் 1,600 வைத்து ஜெயித்தால் 1,440 வரும், அதற்குள் விட்டது 1,500. ஜெயித்தும் 60 ரூபாய் நட்டம். இதை நான் முதன்முதலில் கணக்குப் போட்டபோது தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று மறுபடி போட்டுப் பார்த்தேன்.

பிபொனாச்சி, டி'அலம்பெர், லபூஷேர் என்றெல்லாம் சொல்கிறார்களே?

இவையும் பந்தயத்தை ஏற்றி இறக்கும் முறைகள்தான். எல்லாம் ஏற்றும் வேகத்தில்தான் வித்தியாசம். டி'அலம்பெர் முறையில் தோற்றால் ஒரு பங்கு கூட்ட வேண்டும், ஜெயித்தால் ஒரு பங்கு குறைக்க வேண்டும். மெதுவாக ஏறும், மெதுவாக விடுவீர்கள். (டி'அலம்பெர் பெரிய பிரெஞ்சுக் கணித மேதை. ஆனால் காசு சுண்டும் கணக்கில் 1754-இல் புகழ்பெற்ற ஒரு தவறு செய்தவரும் அவர்தான். இரண்டு முறை சுண்டினால் ஒருமுறையாவது தலை விழும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்று வாதாடினார். சரியான விடை நான்கில் மூன்று.) ஜெயித்தால் இரட்டிப்பாக்கு, தோற்றால் விடு என்ற தலைகீழ் முறையிலும் சராசரி அதே 2.7 சதவீதம்தான். கடன் வாங்கித் துரத்தும் நிலை அதில் குறைவு, அவ்வளவே.

அப்படியானால் கேசினோவை யாருமே ஜெயித்ததில்லையா?

ஜெயித்தவர்கள் இருக்கிறார்கள். யார்க்ஷயரில் துணி ஆலைத் தொழிலிலிருந்து வந்த ஜோசஃப் ஜேகர், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மாண்டி கார்லோவில் ஆள் வைத்து ஒவ்வொரு சக்கரத்தின் எண்களையும் குறித்து வாங்கினார். ஒரு சக்கரத்தில் சில எண்கள் அளவுக்கு மீறி வருவதைக் கண்டுபிடித்து அவற்றில் வைத்தார். 1960களில் கணிதப் பேராசிரியர் எட்வர்ட் தோர்ப், பிளாக்ஜாக்கில் இறங்கிய சீட்டுகளை நினைவில் வைத்தால் மீதிக் கட்டு யாருக்குச் சாதகம் என்று கணிக்க முடியும் எனக் காட்டினார். சீட்டுக்கட்டுக்கு ஞாபகம் உண்டு. போன சீட்டு அந்தக் கட்டில் திரும்ப வராது. இவர்கள் வாய்ப்பையே தங்கள் பக்கம் மாற்றிக்கொண்டார்கள். பந்தயத் தொகையை ஏற்றி இறக்கியதால் மட்டும் நீண்ட காலம் ஜெயித்தவர் என்று ஒருவரையும் நான் படித்ததில்லை.

ஆன்லைனில் 10 ரூபாயில் தொடங்கலாமே? கொஞ்சம்தானே?

10-இல் தொடங்கினால் ஏழு ஆட்டத்தில் 1,270. பத்தில் 10,230. பதின்மூன்றில் 81,910. தொடக்கம் சிறியது என்பது நாலைந்து ஆட்டத்துக்குத்தான் உதவும்.

நேரடி மேசையில் ஓரிரவு ஆகும் 200 ஆட்டம் ஃபோனில் அரைமணியில் முடிந்துவிடும். சிப்ஸ் கையில் கனக்காது, டீலர் முகம் இல்லை, பக்கத்தில் கையைப் பிடித்து இழுக்க ஆள் இல்லை. சட்டப்படியும் இடமில்லை: தமிழ்நாட்டின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை நாடு முழுக்கத் தடை செய்கிறது. இதையும் மீறி வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் தளத்தில் பணம் போட்டு, அது ஜெயித்த பணத்தைத் தராவிட்டால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?

ஏற்கெனவே நிறைய விட்டுவிட்டேன். பிடித்துவிட்டு நிறுத்திவிடுகிறேனே?

அந்தப் பையனும் இதைத்தான் சொன்னான். 12,700 போன மறுநாள் அவன் 100-க்குப் பதில் 500-இல் தொடங்கினான். சீக்கிரம் பிடித்துவிடலாம் என்று. 500, 1,000, 2,000, 4,000, 8,000. ஆறாவது பந்தயம் 16,000. கட்டணத்துக்கு அப்பா அனுப்பிய பணம் அங்கே முடிந்தது.

விட்ட பணம் போன பணம். அடுத்த ஆட்டத்தில் வைக்கப்போவது புதுப் பணம். அதற்கும் அதே 2.7 சதவீதம்தான். முன்பு நீங்கள் எவ்வளவு விட்டீர்கள் என்று பார்த்து அது இறங்கிவராது. தயவுசெய்து இன்றோடு விடுங்கள். வீட்டில் ஒருவரிடமாவது முழுத்தொகையையும் சொல்லுங்கள், பாதியைச் சொல்லாதீர்கள். மறைத்த மீதியைப் பிடிக்கத்தான் மறுபடி போகத் தோன்றும். வீட்டார் இதைப் படித்தால் ஒன்று சொல்கிறேன். கடனை நாமே அடைத்துவிட்டால் நின்றுவிடும் என்று உடனே நகையை எடுத்துக் கொடுக்காதீர்கள். முதலில் அந்த ஆப்பும், அதோடு இணைத்த வங்கிக் கணக்கும் மூடப்பட வேண்டும். மாதச் செலவுப் பணம் கொஞ்ச நாள் வேறொருவர் கையில் இருக்கட்டும்.

அன்று அவன் என் அறையில் உட்கார்ந்துதான் அப்பாவுக்கு ஃபோன் செய்தான். நானும் பேசினேன். கட்டணத்தை இரண்டு தவணையாகக் கட்ட ஏற்பாடு செய்தோம். நோட்டை மட்டும் என்னிடமே விட்டுப் போனான்.

விட வேண்டும் என்று தெரிந்தும் விட முடியவில்லை என்றால் அதற்கு உதவி இருக்கிறது. இந்தியாவில் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலும் பேசுவார்கள். சிங்கப்பூரில் இருப்பவர்கள் அங்குள்ள பிரச்சினைச் சூதாட்டத்துக்கான தேசிய மன்றத்தை அணுகி, கேசினோவுக்குள் நுழையாதபடி தங்களுக்குத் தாங்களே தடை போட்டுக்கொள்ளலாம். குடும்பத்தாரும் அந்தத் தடைக்கு விண்ணப்பிக்கலாம்.